மூன்றாம் சரணத்துக்கு முன்

அவர் பஸ்ஸில் ஏறியதை நான் பார்த்தது குறைவு. ஏறப் போகிறவராகத்தான் வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். வலது கால் படியில், இடது கால் தார் ரோட்டில், ஒரு கை கம்பியில், தோளில் சாப்பாட்டுப் பை. ஆத்தூர் போகிற டவுன் பஸ் உறுமிக்கொண்டு நிற்கும். கண்டக்டர் படிக்கட்டுக்கு வந்து சத்தம் போடுவார்.

"யக்கா, ஒண்ணு ஏறுங்க, இல்ல எறங்குங்க. ரெண்டுங்கெட்டானா நின்னா வண்டிய எப்படி எடுக்குறது?"

"ஒரு ஆள் வருது, இருங்க."

அந்த ஆள் பெரும்பாலும் அருளப்பன். செம்பட்டியில் ஒரு புளி மண்டியில் எடை போடுகிறவர். மாதா கோயில் சந்திலிருந்து தொப்பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். ஓடுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பார்க்கிற எங்களுக்கு அது நடை மாதிரிதான் இருக்கும். அவர் வந்து, மூச்சு வாங்கி, முன்பக்கப் படியில் ஏறி முடித்த பிறகுதான் இந்த அக்காவின் இடது கால் தரையை விட்டுக் கிளம்பும். பஸ் ஏழு நிமிஷம் தாமதம். பஸ்ஸுக்குள் இருக்கிற ஐம்பது பேரின் முணுமுணுப்பும் அவர் காதில் விழாது. விழுந்தாலும் அவர் அதை வாங்கிக்கொள்ள மாட்டார்.

அந்த நிறுத்தத்துக்கு எதிரே, டீக்கடைக்கு மேல் மாடியில்தான் என் கடை. தொண்ணூறுகளின் பின்பாதியில் திண்டுக்கல்லில் தெருவுக்கு ஒரு டி.டி.பி. சென்டர் முளைத்தது, அதில் என்னுடையதும் ஒன்று. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். நான் சின்னாளபட்டிக்காரன். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. "இவன் அரிசி ஊறப் போடும்போதே இட்லி கேப்பான்" என்று வீட்டில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் கண்ணுக்கு முன்னால் தினமும் காலையில் ஒரு பெண்மணி ஒரு பஸ்ஸையே கட்டிப்போட்டுக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு ஷட்டரைத் தூக்குவேன்.

ஆத்தூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் மருந்தாளுநர். மாத்திரை கொடுக்கிற ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பார். ஒருமுறை அந்தப் பக்கம் போன இடத்தில் காலில் முள் ஏறி, நானும் அந்த வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர்.

"செவப்பு காலைல, வெள்ள ராத்திரி. எங்க, சொல்லுங்கய்யா?"

"வெள்ள காலைல."

"இல்லய்யா. செவப்பு காலைல."

"ஆமா, செவப்பு."

"ராத்திரி?"

பெரியவர் யோசித்தார். இவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, நல்ல கதை கேட்கிறவர் மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் இருபது பேர். "யம்மா, சட்டுனு குடுத்து அனுப்பும்மா" என்று ஒரு குரல். இவர் அசையவில்லை. பெரியவர் ஒருவழியாக "வெள்ள" என்றார். "அம்புட்டுதான், போய்ட்டு வாங்க" என்று அனுப்பினார். என் முறை வந்தபோது நானும் ஒழுங்காகத்தான் ஒப்பித்தேன். கம்ப்யூட்டர் படித்தவன் என்பதற்காகச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை.

அவர் வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்தார். அவரும் என் ஜாதிதான், அவசரக்காரர். "இவளோட ஒரு படமாவது மொதல்லருந்து பாத்திருப்பேனா தம்பி? டிக்கெட் எடுத்துட்டு வாசல்லயே நிப்பா. யாராவது ஒருத்தர் வந்துக்கிட்டே இருப்பாங்க" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

என் கடைக்கு அந்த அக்கா முதலில் வந்தது மாதா கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்க. எல்லாம் அடித்து, பிழை பார்த்து, அச்சுக்குப் பிலிம் எடுக்கப் போகிற நேரத்தில் "தம்பி, ஒரு பேரு விட்டுப்போச்சு" என்றார். பீடத்துத் துணிகளைத் துவைத்துப் போடுகிற அம்மாவின் பெயர். "சொல்லுங்க, சேத்துருவோம்" என்றேன். பெயர் தெரியும், இனிஷியல் தெரியாது. அந்த அம்மா மகள் வீட்டுக்கு நத்தம் போயிருக்கிறார், நாளை மறுநாள்தான் வருவார்.

"இனிஷியல் இல்லாமப் போட்ருவோம்க்கா."

"மத்தவங்களுக்கெல்லாம் இருக்குல்ல. அது வரட்டும், இருப்பா."

இரண்டு நாள் அச்சு நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூன்றாம் நாள் அந்த அம்மா நோட்டீஸில் தன் பெயரைத் தடவிப் பார்த்ததையும் நான்தான் பார்த்தேன். ஆனாலும் கோபம் முழுசாகப் போகவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்தச் சந்துக்குள் இருந்தது சின்னக் கோயில். ஊரில் பெரிய கோயில்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் பெரிய பாடகர் குழுக்களும் உண்டு. இங்கே பதினொரு பேர். பாதிப் பேருக்கு அறுபதைத் தாண்டியாகிவிட்டது. இந்த அக்காதான் கீபோர்டு. சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் ஒத்திகை பார்ப்பது என் கடைக்குக் கேட்கும். வாசிப்பில் பெரிய கெட்டிக்காரத்தனம் எதுவும் கிடையாது. சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கோயிலுக்குள்ளும் அதே பஸ் படிதான். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்க வேண்டிய இடத்தில், கடைசி ஆள் வந்து சேரும்வரை கட்டையை அழுத்தியபடி இருப்பார். கடைசி ஆள் அங்கேயும் அருளப்பன்தான். அவருடைய அடித்தொண்டைக் குரல் எப்போதும் அரை அடி பின்னால் வரும்.

அருளப்பனையும் மிஞ்சியவர் சூசையம்மாள். கோயில் வாசலில் மல்லிகைப்பூ விற்கிறவர், எழுபது வயது, இழுப்பு நோய். நன்றிப் பாட்டில் மூன்றாம் சரணத்தின் முதல் வரி அவருக்குச் சொந்தம். அதை அவர் தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டும், அடுத்த வரியில் மற்றவர்கள் சேர வேண்டும். குமரியாக இருந்தபோது யாரோ ஒரு சாமியார் கொடுத்த உரிமையாம். வேறு யாரும் அந்த வரியைத் தொட்டதில்லை. இரண்டாம் சரணம் முடிந்ததும் சூசையம்மாள் தொண்டையைச் செருமி, ஒரு மூச்சு இழுத்து, அது போதாமல் இன்னொரு மூச்சு இழுத்து, பிறகு தொடங்குவார். குரல் என்னவோ வெண்கலம் மாதிரி இருக்கும். அதுவரை கீபோர்டு காத்திருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அக்காவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ராமநாதபுரம் பக்கம், கடலோரத்தில் ஒரு கிராமம். திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருந்தது.

கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த ஃபாதர் இளைஞர், நல்லவர், நான் சொல்வது சரியென்றால் கொஞ்சம் என்னைப் போன்றவர். பாடகர்களைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார். "கீபோர்டு இல்லாமத் திருவிழாப் பாட்டு நல்லா இருக்காது. வெளியிலருந்து ஒரு குழுவ வரச் சொல்லிருவோம். நீங்கல்லாம் இத்தன வருசம் நின்னு பாடிட்டீங்க, இனிமே முன்வரிசையில உக்காந்து ஜெபிங்க." ஒரு திருவிழாவுக்கு வெளிக்குழு வந்தால் அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். சூசையம்மாள் அன்றைக்குப் பூவே கட்டவில்லை என்றார்கள்.

மறுநாள் அக்கா என் கடைப் படியேறினார்.

"தம்பி, நான் வாசிக்கிறத இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள போட்டு வச்சிட்டா, நான் இல்லாதப்பவும் அது வாசிக்குமா?"

வாசிக்கும் என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன் நான் அதைச் செய்ததே கிடையாது. இருந்தாலும் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவனிடம் ஒருவர் கேட்டால் தெரியாது என்று சொல்கிற வழக்கம் அந்தக் காலத்தில் எங்கள் தொழிலில் இல்லை.

மதுரைக்குப் போய் அதற்கான வயர் வாங்கி வந்தேன். ஒரு முனை கம்ப்யூட்டரின் முதுகில் விளையாட்டுக் கைப்பிடி செருகுகிற இடத்தில் போகும். மறுபக்கம் இரண்டு முனை, ஒன்றில் 'இன்', ஒன்றில் 'அவுட்'. கீபோர்டின் பின்னாலும் அதே இரண்டு துளைகள். இன் என்று எழுதியதை இன் என்று எழுதிய துளையில்தானே செருகத் தோன்றும்? செருகினேன். ஒரு மணி நேரம் அவர் வாசித்ததில் ஒரு சுரம்கூடப் பதியவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தேன், போட்டேன், தட்டினேன், திட்டினேன். அவர் மடியில் கை வைத்துக்கொண்டு இருந்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, என் வாயிலருந்து வர்றது ஒங்காதுக்குத்தான போகணும்? நீ வாயையும் வாயையும் ஒட்டி வச்சிருக்கியோ?"

மாற்றிச் செருகியதும் பதிந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் சலித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் கம்ப்யூட்டரை ஜன்னல் வழியாகப் போட்டுவிடலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைக்கு விடுமுறை, பன்னிரண்டு பாட்டு பதிய வேண்டும். துணைக்கு அருளப்பனும் சூசையம்மாளும் வந்தார்கள். ரேடியோ நிலையத்தை நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். சூசையம்மாள் நுழைந்ததும் மின்விசிறியை நிறுத்தினார். இருமல் வந்தால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். அருளப்பன் கீழே இறங்கி பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். எதற்கு என்று எட்டிப் பார்த்தால், வருகிற ஒவ்வொரு பஸ் டிரைவரையும் கும்பிட்டு, "செத்த நேரம் ஆரன் அடிக்காம போங்கண்ணே, மேல ரிக்கார்டிங் நடக்குது" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்படிக் கேட்டால் எந்த டிரைவராவது சும்மா போவாரா? என்ன ரிக்கார்டிங் என்று விசாரிக்க வேண்டி, வண்டியை நிறுத்தி ஆரன் அடித்துத்தான் கூப்பிட்டார்கள்.

"சத்தம் எதுவும் உள்ள போகாதும்மா," என்றேன் நான். "இந்த வயர்ல பாட்டே போகல. எந்தக் கட்டைய எப்ப அமுக்குனாங்க, எம்புட்டு அழுத்தமா அமுக்குனாங்க, எப்ப விட்டாங்க, அதுமட்டுந்தான் போகுது. நீங்க இடி இடிச்சாலும் பதியாது."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க தம்பி," என்று சைகையால் சொல்லிவிட்டு சூசையம்மாள் மறுபடி முந்தானையைத் திணித்துக்கொண்டார்.

வேர்த்து வடிந்து, பன்னிரண்டு பாட்டும் பதிந்தது. அக்கா புது ஊருக்குப் போனார். அந்தப் பன்னிரண்டையும் கீபோர்டின் ஒலியோடு ஒரு சிடியில் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் என் வேலை. அங்கேதான் நான் என் கைவரிசையைக் காட்டினேன்.

அவர் வாசித்தது திரையில் சின்னச் சின்னச் செங்கல்களாகத் தெரியும், ஒரு கட்டத்துக்கு நான்கு எண்ணிக்கை என்று கோடு போட்டிருக்கும். என் தொழிலில் பத்தியின் இரண்டு ஓரமும் நூல் பிடித்த மாதிரி நிற்க வேண்டும். நிற்காத பத்தியைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். இங்கே பார்த்தால் நான்கு இருக்க வேண்டிய கட்டத்தில் சில இடங்களில் ஐந்து, சில இடங்களில் ஆறு. நன்றிப் பாட்டின் நடுவில் ஒரு பெரிய பொட்டல். பாவம், அக்காவுக்குத் தாளம் நிற்கவில்லை, தனியாக வாசித்ததில் தடுமாறிவிட்டார் என்று நினைத்தேன். மூன்று நாள் உட்கார்ந்து, காலியாகக் கிடந்த இடத்தையெல்லாம் வெட்டி, செங்கல்களை இழுத்து ஒட்டி, கடைசியில் எல்லாவற்றையும் கோட்டுக்கு நேராக நிறுத்துகிற பொத்தானையும் அழுத்தினேன். பன்னிரண்டு பாட்டும் பட்டாளம் மாதிரி அணிவகுத்து நின்றன. பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன். அவரிடம் சொல்லவில்லை. ஓசைப்படாமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி எனக்கு.

அந்த ஞாயிறு நானும் கோயிலுக்குப் போனேன், என் வேலையைக் கேட்க. பின்வரிசைத் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். பாட்டுப் பெட்டியில் சிடி ஓடியது. முதல் பாட்டின் இரண்டாவது வரியிலேயே அருளப்பன் கழன்றுவிட்டார். பஸ் போய்விட்டது, அவர் ஓடிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பாதிப் பேர் கீபோர்டோடும், பாதிப் பேர் அருளப்பனோடும் போனார்கள். நன்றிப் பாட்டில் சூசையம்மாள் செருமுவதற்குள் அவருடைய வரி முடிந்து அடுத்த வரி வந்துவிட்டது. அவர் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். பாட்டு முடிந்து பெட்டி அமைதியான பிறகும் இவர்கள் நான்காம் சரணத்தில் இருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். ஃபாதர் சிரிக்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்து சூசையம்மாள் என்னிடம் சொன்னார், "மிசினு சரியாத்தான் வாசிக்குது தம்பி. எங்களுக்குத்தான் வயசாகிப் போச்சு. இத்தன நாளும் தெரியாம இருந்துருக்கோம். ஃபாதர்ட்ட அடுத்த வாரம் சொல்லிர வேண்டியதுதான், வெளியாளுகளயே வரச் சொல்லுங்கன்னு."

அவர்களுக்கு வயதாகவில்லை, நான்தான் வெட்டினேன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் கடையில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அக்காவின் சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தாளம் விட்டுட்டேன்னு நெனச்சியா?" என்றார். குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அருளப்பன் அண்ணே அங்கதானப்பா வந்து சேரும். சூசையம்மா அங்க ரெண்டு மூச்சு எடுக்கும்ல. அது பக்கத்துல இருந்துச்சு, அது மொகத்தப் பாத்துத்தான வாசிச்சேன். மத்தவுக இல்லாட்டியும் எந்த எடத்துல யாரு வருவாகன்னு எனக்குத் தெரியும்."

"தெரியாமச் செஞ்சிட்டேன்க்கா."

"பழசு இருக்கா?"

"இல்லக்கா. அதுமேலயே போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ ஒருவர் எந்த மாத்திரை எப்போது என்று ஒப்பிப்பது கேட்டது. அவர் அதைக் கேட்டு முடித்து "அம்புட்டுதான், போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பினார்.

"வர்ற ஞாயித்துக்கெழம வாரேன். அந்தப் பதினோரு பேரையும் கடைக்கு வரச் சொல்லு. ஃபாதர்ட்ட அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது, செத்த இருக்கச் சொல்லு."

அந்த ஊரிலிருந்து திண்டுக்கல்லுக்கு ஆறு மணி நேரம். காலையில் கிளம்பி மதியம் வந்து சேர்ந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே ஒரு நேர் பஸ். அதை விட்டால் மறுநாள் காலை அந்த ஊரில் மருந்து ஜன்னல் திறக்காது. இடையில் நான்கு மணி நேரம், பன்னிரண்டு பாட்டு.

பத்துக்குப் பன்னிரண்டு கடையில் பதினொரு பேர். டீக்கடை பெஞ்சுகளைத் தூக்கி வந்து போட்டோம். வந்து உட்கார்ந்த கையோடு மின்விசிறியை நிறுத்தினார்கள், வாயை மூடிக்கொண்டார்கள். அக்கா எழுந்து போய் மின்விசிறியைப் போட்டார்.

"பாடுங்க," என்றார்.

"பாடுனாப் பதிஞ்சிருமே?" என்றார் அருளப்பன்.

"பதியாது. தம்பிதான் சொல்லுதே, இடி இடிச்சாலும் பதியாதாம்."

சூசையம்மாள் கேட்டார், "பதியாதுன்னா எதுக்குப் பாடணும்?"

"நீ பாடாம நான் எப்படி வாசிக்கிறது?"

பாடினார்கள். அப்படி ஒரு சத்தத்தை என் கடை அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. பஸ்கள் ஆரன் அடித்தன. கீழே டீக்கடையில் கண்ணாடி கிளாஸ்கள் மோதின. சூசையம்மாள் ஆசை தீர இருமினார். எதுவும் பதியவில்லை. திரையில் செங்கல்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன, அவற்றின் நடுவே காலி இடங்களும். இந்த முறை நான் திரையைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்தேன். அக்காவும் கட்டைகளைப் பார்க்கவில்லை. தலை நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அருளப்பனின் வாய் திறக்கும், விரல் இறங்கும். சூசையம்மாளின் நெஞ்சு ஒரு முறை ஏறி இறங்கும், விரல் அப்படியே இருக்கும். இரண்டாவது முறை ஏறும், அப்போதுதான் அடுத்த சுரம். என் திரையில் அதன் பெயர் பிழை. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

ஐந்தே முக்காலுக்கு ஒரு பாட்டு பாக்கி. அருளப்பனுக்கு அதில் வேலை கம்மி. அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு, "நான் முன்னால போறேன்" என்று இறங்கிப் போனார். அவர் ஒரு காரியத்துக்கு முன்னால் போனதாகச் சரித்திரமே கிடையாது. எனக்கு நம்பிக்கையில்லை.

பாட்டு முடிந்து, நான் சேமித்து, ஒரு தடவைக்கு மூன்று தடவையாக வேறு வேறு பெயரில் சேமித்து, அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது ஆறு மணி பத்து நிமிஷம். பஸ் நின்றுகொண்டிருந்தது. பின்பக்கப் படியில் வலது கால், தரையில் இடது கால், ஒரு கை கம்பியில், இன்னொரு கையில் அக்காவின் சாப்பாட்டுப் பை. அருளப்பனின் தொப்பை வாசலை முழுசாக அடைத்திருந்தது. கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார்.

"யோவ், ஏறுறியா, எறங்குறியா?"

"ஒரு ஆள் வருது, இருங்க."

அக்கா ஸ்கூட்டரிலிருந்து இறங்கியவர் ஒரு நிமிஷம் அப்படியே நின்று அதைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னலுக்குள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

திருவிழாவன்று பெட்டியின் பொத்தானை அழுத்துகிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மாதா கோயிலில், அந்த மதத்தையே சேராத ஒரு சின்னாளபட்டிக்காரனுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டால், இதுதான். கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. அருளப்பன் ஒரு பாட்டில்கூடக் கழலவில்லை. அவருக்கு ஏறுவதற்கு ஒவ்வொரு வரியிலும் இடம் இருந்தது. நன்றிப் பாட்டு வந்தது. இரண்டாம் சரணம் முடிந்தது. கீபோர்டு ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஒன்று, இரண்டு, மூன்று. ஃபாதர் பெட்டி சிக்கிக்கொண்டதென்று நினைத்துவிட்டார். நாற்காலியிலிருந்து பாதி எழுந்து என்னைப் பார்த்தார். நான் உட்காரும்படி கையைக் காட்டினேன். ஒரு சாமியாரை உட்காரச் சொன்ன தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. நான்கு, ஐந்து, ஆறு. சூசையம்மாள் இரண்டாவது மூச்சை முடித்துக்கொண்டு தன் வரியை எடுத்தார். அதே நொடியில் அடுத்த சுரம் வந்து அவர் குரலுக்குக் கீழே உட்கார்ந்தது. அக்கா ஆறு மணி நேரத் தூரத்தில் இருக்கிற மாதிரி இல்லை, பக்கத்திலேயே அவர் உட்கார்ந்து முகத்தைப் பார்த்து வாசிக்கிற மாதிரி இருந்தது. ஃபாதர் மெதுவாக உட்கார்ந்தார். வெளிக்குழு பற்றி அப்புறம் அவர் பேசவே இல்லை.

அதற்குப் பிறகு நான்கைந்து வருஷம் சூசையம்மாள் பாடினார். அவர் போன பிறகு அந்த வரியை எடுக்கப் பல வருஷம் யாரும் முன்வரவில்லை. பிறகு அவருடைய பேத்தி ஒருத்தி, கல்லூரியில் படிக்கிறவள், குழுவில் சேர்ந்தாள். நல்ல நுரையீரல், நல்ல குரல். வரி அவளுக்குப் போனது. என் கடையும் மாறிவிட்டது. டி.டி.பி. போய் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஓடுகிறது. அக்கா ஓய்வுபெற்று ஒட்டன்சத்திரத்தில் மகனோடு இருக்கிறார். மகன் சொல்கிறான், அங்கேயும் டவுன் பஸ் கண்டக்டர்கள் அவரைத் தெரிந்து வைத்திருக்கிறார்களாம். எனக்குப் பொறுமை இன்னும் வரவில்லை. திருவிழாவுக்குப் பொத்தான் அழுத்துகிற வேலையை மட்டும் விடவில்லை.

சென்ற ஒத்திகையில் அந்தப் பெண் என்னிடம் வந்தாள்.

"மாமா, மூணாஞ் சரணத்துக்கு முன்னாடி அம்புட்டு நேரம் சும்மாவே நிக்கிறோம். எனக்குத்தான் மூச்சு வாங்கலயே. அத வெட்டிர முடியாதா? கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிச வேலதான?"

ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. எனக்குத் தெரியாதா?

"ஒரு ஆள் வருது, இரு," என்றேன்.